மழைக்காற்றில் காயும் பேனா! தீயிலிருந்து மீளும் வாஜிமாவின் 'உருஷி' கதை

மழைக்காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே புலம்பல்தான். கொடியில் போட்ட துணி காயாது, வடாம் காயாது, அடுப்படியில் உப்பு கசியும். ஆனால், ஜப்பானில் ஒரு சிறிய கடலோர ஊர் இருக்கிறது. அங்குள்ள பட்டறைகளில் காற்றில் ஈரம் குறைந்தால்தான் கவலைப்படுவார்கள். ஈரத் துணியால் அலமாரியின் உட்புறத்தைத் துடைத்து, வேண்டுமென்றே ஈரத்தை வரவழைப்பார்கள். அந்த ஈரத்தில்தான் அவர்கள் பூசிய வண்ணம் காயும்.

அந்த ஊரின் பெயர் வாஜிமா. அந்த வண்ணத்தின் பெயர் உருஷி. ஒரு மரத்தின் பால். கிண்ணம், தட்டு, பெட்டி என்று காலங்காலமாக உருஷி பூசிவந்த ஜப்பானியக் கைகள், கடந்த நூறு ஆண்டுகளாக இன்னொரு பொருளுக்கும் அதைப் பூசுகின்றன. அதுதான் மைப் பேனா. கையால் கடைந்து, மாதக்கணக்கில் பூசி, தங்கத் தூள் தூவி உருவாக்கப்படும் இந்தப் பேனாக்களுக்காக உலகம் முழுவதும் பலர் காத்திருக்கிறார்கள்.

2024-ம் ஆண்டின் முதல் நாள், இந்த ஊரின் பெரும் பகுதியைப் புரட்டிப் போட்டது. அந்தக் கதைக்குப் போகும் முன், ஊரைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடலாம்.

கடலுக்குள் நீளும் விரல்

ஜப்பானின் பிரதான தீவான ஹொன்ஷுவின் வரைபடத்தைப் பாருங்கள். மேற்குப் பக்கத்தில், மடக்கிய விரல் ஒன்று கடலுக்குள் நீண்டிருப்பதுபோல ஒரு நிலப்பகுதி தெரியும். அதுதான் நோட்டோ தீபகற்பம். இஷிகாவா மாநிலத்தைச் சேர்ந்தது. அந்த விரலின் வடக்கு ஓரத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது வாஜிமா.

டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் மாநிலத் தலைநகரான கனஸாவா வந்துவிடும். அதன் பிறகு பேருந்துதான். வாஜிமா வரை ஓடிக்கொண்டிருந்த ரயில் 2001-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் இப்போது பயணிகள் இளைப்பாறும் நிலையம் இருக்கிறது.

நோட்டோவில் குளிர்காலம் கடுமையானது. கடலிலிருந்து வரும் காற்று பனியையும் ஈரத்தையும் சேர்த்தே கொண்டுவரும். விவசாயமும் மீன்பிடிப்பும் மந்தமாகும் அந்த மாதங்களில், வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யும் தொழில் ஒன்று தேவைப்பட்டது. ஈரக்காற்று, சுற்றியுள்ள காடுகளில் மரம், நிலத்துக்கடியில் ஒரு விசேஷமான மண், பொருளை ஏற்றி அனுப்பத் துறைமுகம். இத்தனையும் ஒரே இடத்தில் அமைந்ததால் உருஷித் தொழில் இங்கே வேர் பிடித்தது.

அது என்ன விசேஷமான மண்? கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் ஓடுகள் கோடிக்கணக்கில் படிந்து உருவான மண் அது. அதைச் சுட்டு, பொடித்து, சலித்து எடுக்கும் தூளுக்கு 'ஜினோகோ' என்று பெயர். உருஷியில் இந்தத் தூளைக் குழைத்து அடிப்பூச்சாகப் பூசினால் கல் மாதிரி இறுகிவிடும். பாத்திரத்தின் விளிம்பு போன்ற பலவீனமான இடங்களில் துணி ஒட்டி, அதன்மேல் இந்தப் பூச்சைக் கொடுப்பார்கள். வாஜிமா பாத்திரங்கள் தலைமுறை தாண்டி உழைப்பதற்கு இதுவே காரணம். 1977-ல் ஜப்பான் அரசு வாஜிமா உருஷிக் கலையை முக்கியமான கலாசாரச் சொத்தாக அறிவித்தது.

ஒரு மரம், ஒரு டம்ளர் பால்

உருஷி மரத்தின் உறவினர்களை நமக்கு நன்றாகவே தெரியும். மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் அதே குடும்பம்தான்.

மாங்காய் பறிக்கும்போது காம்பிலிருந்து பீய்ச்சும் பால் கன்னத்தில் பட்டால் புண்ணாகிவிடும், பார்த்திருப்பீர்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் விரல்களை அதன் ஓட்டெண்ணெய் கறுக்கவைத்துவிடும். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் தடித்து வீங்கும். உருஷிப் பாலும் அப்படித்தான். அதில் இருக்கும் 'உருஷியோல்' என்ற பொருள், தோலில் பட்டால் கடுமையான அரிப்பையும் கொப்புளங்களையும் ஏற்படுத்தும். தொழிலுக்கு வரும் புதியவர்கள் பெரும்பாலும் இந்த அரிப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். சிலருக்கு நாளடைவில் உடல் பழகிவிடும். சிலருக்குக் கடைசிவரை பழகுவதே இல்லை. ஆனால், முழுமையாக இறுகிவிட்ட உருஷி பொதுவாகத் தோலை ஒன்றும் செய்வதில்லை. அதனால்தான் அதில் சூப் ஊற்றிக் குடிக்க முடிகிறது, மணிக்கணக்கில் கையில் பிடித்து எழுத முடிகிறது.

இந்தப் பாலை எடுப்பது பெரும் பொறுமை கேட்கும் வேலை. மரக்கன்று வளர்ந்து பால் வெட்டத் தயாராக 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும். ஜூன் மாதம் தொடங்கி இலையுதிர்காலம் வரை, சில நாள்களுக்கு ஒருமுறை மரப்பட்டையில் மெல்லிய கீறல் போடுவார்கள். கீறலில் கசியும் பாலைச் சொட்டுச் சொட்டாகச் சுரண்டி எடுப்பார்கள். ஒரு பருவம் முழுக்க இப்படிச் சேகரித்தால், ஒரு மரத்திலிருந்து கிடைப்பது சுமார் 200 மில்லி. நம் வீட்டுக் காபி டம்ளர் ஒன்றை நிரப்பும் அளவு. அத்துடன் அந்த மரத்தை வெட்டிவிடுவார்கள். வேரிலிருந்து புதிதாகத் துளிர்க்கும் தளிர் வளர்ந்து மரமாக, மறுபடியும் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

ஜப்பானில் பயன்படுத்தப்படும் உருஷியில் பெரும்பகுதி சீனாவிலிருந்துதான் இறக்குமதியாகிறது. உள்நாட்டு உருஷியில் பெரும்பங்கு, வடக்கே இவாத்தே மாநிலத்தில் நினோஹே நகரின் ஜோபோஜி பகுதியிலிருந்து வருகிறது. பழமையான கோயில்களைப் புதுப்பிக்க உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டும் என்று 2015-ல் ஜப்பானின் கலாசாரத் துறை கொள்கை வகுத்தது. 2020-ல் யுனெஸ்கோ அங்கீகரித்த ஜப்பானிய மரக்கட்டடக் கலைகளின் பட்டியலில் உருஷி எடுக்கும் தொழிலும் இடம்பெற்றது.

இந்த உறவு மிகப் பழையது. ஹொக்கைடோ தீவின் ககினோஷிமா தொல்லியல் தளத்தில் கிடைத்த உருஷிப் பூச்சுப் பொருள்கள் ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் பழமையானவை என்று கணிக்கப்பட்டுள்ளது. ஐரோப்பியர்கள் ஒரு காலத்தில் இந்த வகைப் பூச்சையே 'ஜப்பான்' என்று அழைத்தார்கள். ஒரு நாட்டின் பெயரே ஒரு பூச்சுக்குப் பெயரானது!

பேனாவுக்கு உருஷி வந்தது எப்படி?

நூறு ஆண்டுகளுக்கு முன்பு மைப் பேனாக்கள் பெரும்பாலும் எபோனைட்டில் செய்யப்பட்டன. இயற்கை ரப்பரில் நிறைய கந்தகம் கலந்து சூடாக்கினால் கிடைக்கும் கெட்டியான பொருள் அது. கடைவதற்குச் சுலபம், எடை குறைவு, கைக்கு இதம். ஆனால் ஒரு குறை. வெளிச்சமும் ஈரமும் பட்டுப் பட்டு, பளபளத்த கறுப்பு நாளடைவில் பழுப்பேறி மங்கிவிடும்.

இந்தக் குறையை நினைத்து மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்களில் ஒருவர் ரியோசுகே நமிகி. 1918-ல் டோக்கியோவில் நண்பர் மசாவோ வாடாவுடன் சேர்ந்து பேனா நிறுவனம் தொடங்கியவர். இன்று உலகம் முழுக்க 'பைலட்' என்று அறியப்படும் நிறுவனம்தான் அது. எபோனைட் மங்காமல் இருக்க என்ன செய்வது? விடை அவர் நாட்டிலேயே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்தது. எபோனைட் மீது உருஷி பூசும் முறையை உருவாக்கி, 1925-ல் அதற்குக் காப்புரிமை பெற்றது நிறுவனம். 'லாக்கனைட்' என்பது அதன் பெயர்.

பூச்சு கைகூடியதும் அடுத்த யோசனை வந்தது. உருஷி பூசலாம் என்றால், அதன்மேல் தங்கத்தில் ஓவியமும் தீட்டலாமே! கனஸாவாவில் 1896-ல் பிறந்த கொன்ரோகு மட்சுதா என்ற கலைஞர் இந்தப் பணியில் சேர்ந்தார். சிறு வயதிலேயே அண்ணனிடம் உருஷித் தொழில் கற்றவர். 1931-ல் பேனாக்களுக்கு ஓவியம் தீட்டும் கலைஞர்களின் குழு ஒன்று அவர் தலைமையில் உருவானது. 1930-ல் லண்டனின் டன்ஹில் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட, 'டன்ஹில்-நமிகி' பேனாக்கள் ஐரோப்பியச் செல்வந்தர்களின் சட்டைப்பைக்குப் போயின. மட்சுதா பின்னாளில், 1955-ல், 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று ஜப்பானில் அழைக்கப்படும் உயரிய அங்கீகாரத்தைப் பெற்றார்.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு நூல் இழை இருக்கிறது. 1920-களில் உலக ரப்பரில் பெரும்பங்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்தது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய குடும்பங்கள் ஏராளம். எபோனைட் பேனாவுக்கு உடம்பு ஒரு மரத்தின் பால். உருஷிப் பேனாவுக்குத் தோலும் இன்னொரு மரத்தின் பால். இரண்டுமே பட்டையைக் கீறி, காத்திருந்து எடுத்தவை.

இன்னொன்று தெரியுமா? எபோனைட் குழலைக் கையால் கடைந்து பேனா செய்யும் தொழில் உலகில் மிகச் சில இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. அதில் ஒன்று நம் திருவள்ளூர்.

பூசு... காத்திரு... தேய்... மறுபடியும் பூசு!

ஓர் உருஷிப் பேனா எப்படி உருவாகிறது?

முதலில் எபோனைட் குழலைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்தி மூடி, உடல், பிடி எனத் தனித்தனியாகக் கடைவார்கள். இங்கேயே ஒரு கணக்கு இருக்கிறது. உருஷியின் ஒவ்வொரு பூச்சும் முடியைப்போல மெல்லியதுதான். ஆனால் பத்து, இருபது பூச்சு சேரும்போது தடிமன் கூடிவிடும். அதை முன்கூட்டியே கழித்துக் கடையவில்லை என்றால் கடைசியில் மூடி சேராது.

கடைந்த குழலின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, பச்சை உருஷியைத் துணியால் தேய்த்து ஊறவைப்பார்கள். இது அஸ்திவாரம். அடுத்து அடிப்பூச்சு. அது இறுகியதும் சாணைக்கல்லாலோ கரியாலோ நீர் விட்டுத் தேய்ப்பார்கள். பிறகு நடுப்பூச்சு. மறுபடியும் தேய்ப்பு. கடைசியில் மேல்பூச்சு.

ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் பேனா ஓர் அலமாரிக்குள் போகும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன ஈர அலமாரி இதுதான். ஜப்பானியர்கள் இதைக் 'குளியலறை' என்று பொருள்படும் 'ஃபுரோ' என்ற சொல்லால் அழைக்கிறார்கள். உள்ளே சுமார் 20 முதல் 30 டிகிரி வெப்பம், 70 சதவிகிதத்துக்கு மேல் ஈரப்பதம். சாதாரணப் பெயின்ட் காய்வது, அதிலுள்ள திரவம் ஆவியாகிப் போவதால். உருஷி வேறு ரகம். அதற்குள் இருக்கும் 'லாக்கேஸ்' என்ற நொதி, ஈரக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்து, உருஷியோலைச் சங்கிலிபோலக் கோத்து இறுக்கிவிடுகிறது. வறண்ட காற்றில் அந்த நொதி சோம்பேறி. ஈரம் அதிகமாகிவிட்டாலோ வேகமாக இறுகி, மேற்பரப்பு சுருங்கிவிடும், நிறமும் கறுத்துவிடும். அதனால் ஒவ்வொரு நாளும் வானிலையைப் பார்த்துத்தான் பூச்சைக் கலக்க வேண்டும். ஜூன் மாத உருஷிக்கு ஒரு கைப்பக்குவம், ஜனவரி மாத உருஷிக்கு வேறு.

புதிதாகப் பூசிய உருஷி தேன்போல வழியும் தன்மை கொண்டது. பேனாவை அப்படியே நிறுத்திவைத்தால் ஒரு பக்கமாக இறங்கித் திரண்டுவிடும். அதனால் இறுகும்வரை அதைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கென்றே மெதுவாகச் சுழலும் அலமாரிகள் உண்டு. மேல்பூச்சு பூசும் அறையில் தூசு ஆகாது. ஒரு துகள் விழுந்தாலும் மெல்லிய முனையால் அதை எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

பூசும் தூரிகை எதனால் ஆனது தெரியுமா? மனிதத் தலைமுடி! நீளமான முடியை மெல்லிய மரத் தகடுகளுக்கு நடுவே வைத்து ஒட்டியிருப்பார்கள். முனை தேய்ந்தால் பென்சில் சீவுவதுபோல மரத்தைச் சீவி, புது முடியை வெளியே எடுப்பார்கள். ஒரு நல்ல தூரிகை ஒரு கைவினைஞரின் பணிக்காலம் முழுக்க வரும்.

பூச்சு முடிந்ததும் மெருகு. கரியால் தேய்த்து, பிறகு எண்ணெயும் மிக நுண்ணிய தூளும் தொட்டு வெறும் விரலாலும் உள்ளங்கையாலும் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல ஆக்குவார்கள். இதை மட்டுமே தொழிலாகச் செய்யும் கலைஞர்கள் வாஜிமாவில் இருக்கிறார்கள். மரம் கடைபவர் ஒருவர், அடிப்பூச்சுக்கு ஒருவர், மேல்பூச்சுக்கு ஒருவர், மெருகுக்கு ஒருவர், ஓவியத்துக்கு ஒருவர். வாஜிமாவில் ஒரு மரக்கிண்ணம் முழுமையடைய நூற்றுக்கும் மேற்பட்ட படிநிலைகள் உண்டு. பேனாவுக்குப் படிகள் வேறுபடும் என்றாலும், மாதக்கணக்கில் ஆகும் என்பதில் மாற்றமில்லை.

தங்கம் தூவும் கைகள்

ஓவிய வேலையில் மூன்று வழிகள் முக்கியமானவை.

முதலாவது 'மகி-எ'. 'தூவிய ஓவியம்' என்று அர்த்தம். மெல்லிய தூரிகையால் உருஷியில் கோடு வரைவார்கள். அது ஈரமாக இருக்கும்போதே, சிறு மூங்கில் குழாயை விரலால் தட்டித் தட்டித் தங்கத் தூளைத் தூவுவார்கள். ஈரமான கோட்டில் மட்டும் தங்கம் ஒட்டிக்கொள்ளும். நம் வீட்டு வாசலில் கோலப்பொடி விரலிடுக்கில் வழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அந்த லாகவம்தான், பேனாவின் வளைந்த உடலில், தவறவிட்டால் திருத்த முடியாத தங்கத்தில்.

இரண்டாவது 'சின்கின்'. வாஜிமாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது இது. இறுகிய பூச்சில் உளியால் நுணுக்கமாகச் செதுக்கி, அந்தப் பள்ளங்களில் தங்கத்தை நிரப்புவார்கள். பூச்சு தடிமனாக இருந்தால்தான் செதுக்க முடியும். வாஜிமாவின் பலமே அந்தத் தடிமன்தான்.

மூன்றாவது 'ராடன்'. சிப்பி ஓட்டின் உட்புறப் பளபளப்பை மெல்லிய தகடுகளாக வெட்டிப் பதிப்பது.

ஓவியமே இல்லாத பேனாக்களுக்கும் ரசிகர்கள் அதிகம். குறிப்பாக 'தமேநுரி' வகை. அடியில் சிவப்பு, அதன்மேல் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் உருஷி. பார்த்தால் ஆழ்ந்த பழுப்பாகத் தெரியும். பூச்சு மெலிந்திருக்கும் விளிம்புகளில் மட்டும் உள்ளிருக்கும் சிவப்பு எட்டிப் பார்க்கும். ஆண்டுகள் போகப் போக மேல்பூச்சு இன்னும் தெளிவாகி, அந்தச் சிவப்பு கூடிக்கொண்டே வரும். பழசாகப் பழசாக அழகாகும் பொருள் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஜனவரி 1, மாலை 4.10

ஜப்பானியர்களுக்குப் புத்தாண்டு என்பது நமக்குப் பொங்கல் மாதிரி. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் வீடு திரும்பும் நாள். 2024 ஜனவரி 1-ம் தேதியும் வாஜிமா வீடுகள் அப்படித்தான் நிறைந்திருந்தன.

மாலை 4.10 மணிக்கு 7.6 அளவிலான நிலநடுக்கம் நோட்டோவை உலுக்கியது. ஏழு மாடிக் கட்டடம் ஒன்று வேரோடு பிடுங்கியதுபோலச் சாய்ந்தது. கடற்கரையின் சில பகுதிகளில் நிலம் நான்கு மீட்டர் வரை மேலெழும்பி, துறைமுகங்கள் வறண்டுபோயின. அன்று மாலை, ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டதாகச் சொல்லப்படும் வாஜிமாவின் காலைச் சந்தைத் தெருவில் தீப்பிடித்தது. சுமார் 240 கட்டடங்கள் சாம்பலாயின. நோட்டோ முழுவதும் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

அந்தத் தெருவிலும் அதைச் சுற்றிலும் உருஷிக் கடைகளும் பட்டறைகளும் இருந்தன. எரிந்தவை வெறும் சரக்குகள் மட்டுமல்ல. பல ஆண்டுகளாக உலரவைத்த மரக்கட்டைகள், பல மாதப் பூச்சைத் தாங்கி அலமாரியில் காத்திருந்த பொருள்கள், கைக்குப் பழகிய தூரிகைகள். மனித முடித் தூரிகையையும் மகி-எ தூரிகையையும் செய்யத் தெரிந்தவர்களே இன்று மிகச் சிலர்தான். தொலைந்த தூரிகைக்கு மாற்று வாங்குவது, கடைக்குப் போய்ப் பேனா வாங்குவதுபோல் சுலபம் இல்லை.

வேலைப் பிரிவினை என்ற வாஜிமாவின் பலம், பேரிடரில் பலவீனமானது. ஒருவர் பட்டறை தப்பித்தாலும், அவருக்கு முந்தைய வேலையைச் செய்பவரின் பட்டறை இடிந்திருந்தால் சங்கிலி அறுந்துவிடும். பலர் கனஸாவாவுக்கும் வெளியூர்களுக்கும் இடம்பெயர்ந்தார்கள். தொழிலில் இருந்தவர்களில் முதியவர்கள் அதிகம். 'இந்த வயதில் மறுபடியும் முதலிலிருந்தா?' என்ற கேள்வி அவர்கள் முன்னால் நின்றது.

போதாக்குறைக்கு, அதே ஆண்டு செப்டம்பர் 21-ம் தேதி பெருமழை. ஆறுகள் கரை உடைத்தன. நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்காகக் கட்டிய தற்காலிக வீடுகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது.

மறுபடியும் ஈர அலமாரி திறந்தது

ஆனாலும், ஊர் முடங்கிவிடவில்லை. அறுந்த சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாகச் சேர ஆரம்பித்தன.

இடிபாடுகளுக்குள்ளிருந்து கருவிகளையும் கிண்ணங்களையும் தோண்டி எடுத்தார்கள். பட்டறை இழந்தவர்களுக்காகத் தற்காலிகப் பட்டறைகள் எழுந்தன. எரிந்துபோன காலைச் சந்தையின் வியாபாரிகள், 2024 மார்ச்சில் கனஸாவா துறைமுகப் பகுதியில் 'பயணச் சந்தை' போட்டார்கள். மீனும் கருவாடும் விற்ற பாட்டிமார்கள் பல மாதங்களுக்குப் பிறகு அங்கேதான் ஒருவரையொருவர் மறுபடியும் பார்த்துக்கொண்டார்கள். பின்னர் வாஜிமாவிலேயே ஒரு வணிக வளாகத்துக்குள் சந்தை கூடியது.

2024 ஏப்ரலில் அன்றைய ஜப்பான் பிரதமர் ஃபுமியோ கிஷிடா அமெரிக்கா சென்றபோது, அதிபர் ஜோ பைடனுக்குக் கொண்டுபோன பரிசுகளில் வாஜிமா உருஷிப் பூச்சுக் காபிக் கோப்பைகளும் ஒரு பால்பாயின்ட் பேனாவும் இருந்தன. நிலநடுக்கம் நடந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஒரு சிறிய பேனா, ஓர் ஊர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்ற செய்தியை வெள்ளை மாளிகை வரை கொண்டுசென்றது.

பேனா இந்த ஊருக்கு ஏன் முக்கியம்? நிலநடுக்கத்துக்கு முன்பே உருஷித் தொழில் சரிவில்தான் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த விற்பனை, பிறகு பல மடங்கு குறைந்துவிட்டது. கல்யாணத்துக்கும் விருந்துக்கும் செட் செட்டாக உருஷிக் கிண்ணம் வாங்கிய குடும்பங்கள் இன்று சிறிய அடுக்ககங்களில் வசிக்கின்றன. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட முடியாத கிண்ணத்தை யார் வாங்குவது? பேனாவுக்கு அந்தப் பிரச்னை இல்லை. சிறியது, வெளிநாட்டுக்கு அனுப்பச் சுலபம், தினமும் கையில் இருப்பது. பேனா செய்வது டோக்கியோவில் என்றாலும், அதற்குப் பூச்சு வாஜிமாவில் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பேனாவுக்கு வரும் ஆர்டர், பூசுபவர், தேய்ப்பவர், தங்கம் தூவுபவர் எனப் பல வீட்டு அடுப்பை எரியவைக்கிறது.

பேனா மட்டுமே ஊரைக் காப்பாற்றிவிடாது என்பதும் உண்மைதான். பூச்சின் எல்லா நுட்பங்களும் கிண்ணத்திலும் தட்டிலும்தான் முழுமையாகப் புழங்குகின்றன. கற்றுக்கொள்ள இளைஞர்கள் வர வேண்டும். 1967-ல் தொடங்கப்பட்ட மாநில உருஷிக் கலைப் பயிற்சி நிலையம் வாஜிமாவில் இருக்கிறது. நிலநடுக்கத்தால் அங்கு பாடங்கள் தடைபட்டு, பிறகு மீண்டும் தொடங்கின. வீடில்லாத, கடையில்லாத ஊருக்கு, அரிப்பையும் தாங்கிக்கொண்டு தொழில் கற்க வரும் இளைஞர்கள்தான் இன்று வாஜிமாவின் பெரிய சொத்து.

போக விரும்புபவர்களுக்கு...

* முதலில் கனஸாவாவில் ஒரு நாள் தங்குங்கள். ஜப்பானின் தங்க இலையில் கிட்டத்தட்ட முழுவதும் தயாராவது இந்த ஊரில்தான். 2020-ல் டோக்கியோவிலிருந்து இங்கு இடம்மாறிய தேசியக் கைவினை அருங்காட்சியகத்தில், கொன்ரோகு மட்சுதாவின் வேலை அறையை அப்படியே மறு உருவாக்கம் செய்து வைத்திருக்கிறார்கள்.

* கனஸாவாவிலிருந்து வாஜிமாவுக்குப் பேருந்து உண்டு. டோக்கியோவின் ஹனேடாவிலிருந்து நோட்டோ விமான நிலையத்துக்கு விமானமும் உண்டு. சாலைகளும் தங்குமிடங்களும் படிப்படியாகச் சீராகிவருவதால், கிளம்பும் முன் நிலவரம் கேட்டுக்கொள்வது நல்லது. கடைகளும் அருங்காட்சியகமும் திறந்திருக்கும் நாள்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

* கடலோரச் சரிவில் இருக்கும் ஷிரோயோனே செம்மைதா நெல் வயல்களைத் தவறவிடாதீர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிக் குட்டிப் படிக்கட்டு வயல்கள். நிலநடுக்கத்தில் பெரும்பாலானவை வெடித்துப்போக, அந்த ஆண்டு முடிந்த சில வயல்களில் மட்டும் நாற்று நட்டார்கள்.

* எரிந்த சந்தைத் தெருவில் பலர் குடும்பத்தினரை இழந்திருக்கிறார்கள். அங்கே செல்ஃபி வேண்டாமே!

வாங்க விரும்புபவர்களுக்கு...

* உருஷிப் பேனா விலை அதிகம். ஓவியம் இல்லாத எளிய பூச்சே பல பத்தாயிரம் ரூபாயைத் தொடும். நுணுக்கமான மகி-எ என்றால் லட்சங்கள்.

* விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால், எந்தப் பூச்சு என்று கேளுங்கள். 'கஷூ' என்ற பெயரில் ஒரு மாற்றுப் பூச்சு ஜப்பானில் உண்டு. பெயரைக் கேட்டதும் புரிந்திருக்குமே, முந்திரி ஓட்டெண்ணெயில் இருந்து தயாராவது! அது மோசமானதல்ல. ஆனால், உருஷி விலைக்கு வாங்க வேண்டியதும் அல்ல. அச்சில் பதித்த படத்தை 'மகி-எ' என்று விற்பதும் உண்டு. கையால் தூவியதா என்று கேளுங்கள்.

* உருஷிக்குப் பிடிக்காதது வெயில். ஜன்னலோர மேசையிலும் கார் டேஷ்போர்டிலும் பேனாவைப் போட்டுவைக்காதீர்கள். மென்மையான பருத்தித் துணியால் துடைத்தால் போதும். பாலிஷ் எதுவும் வேண்டாம்.

* பூட்டிவைக்காதீர்கள். எழுதுங்கள். கை படப் படத்தான் அதன் பளபளப்பு கூடும்.

இன்று காலையும் வாஜிமாவின் ஏதோ ஒரு தற்காலிகப் பட்டறையில் ஒருவர் ஈரத் துணியைப் பிழிந்து அலமாரியின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். உள்ளே ஒரு பேனா, பாதிப் பூச்சில், மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். நாளை அதை வெளியே எடுத்து, தேய்த்து, மறுபடியும் பூச வேண்டும். அவசரப்பட்டால் கெட்டுவிடும் என்பது அந்த ஊருக்குப் பல நூறு ஆண்டுகளாகத் தெரியும். வீடு கட்டுவதற்கும் சரி, பேனா பூசுவதற்கும் சரி.